ஏழாம் எண் கல்

மார்ச் 4

மாத அளவுத் தாள் வந்துவிட்டது. ஏழாம் எண் கல்: இருபத்திநான்கு மீட்டர். போன மாதம் இருபத்திமூன்று. அதற்கு முந்தின மாதம் இருபத்தைந்து. சமர்த்து.

துறைமுக அலுவலகத்தில் பதிவுப் பிரிவில் இருக்கிறேன் என்று சொன்னால் யாருக்கும் ஒன்றும் விளங்குவதில்லை. கரையோரமாகப் பன்னிரண்டு சிமெண்ட் கற்கள் நட்டிருக்கிறார்கள், முழங்கால் உயரம். மாதம் ஒரு தடவை, கடல் நன்றாக வற்றியிருக்கும் நேரத்தில், டேப்புக்காரர் ஒவ்வொரு கல்லிலிருந்தும் தண்ணீர் வரைக்கும் டேப்பை இழுத்து அளந்து எண்ணைக் கொடுப்பார். நான் கணினியில் ஏற்றிக் கோடு போடுவேன். கோடு இறங்கினால் கடல் உள்ளே வருகிறது, ஏறினால் மணல் சேர்கிறது. அவ்வளவுதான் என் பிழைப்பு.

துறைமுகச் சுவருக்குத் தெற்கே இருக்கிற ஆறு கற்களும் வருடா வருடம் தண்ணீரை விட்டு விலகிப் போய்க்கொண்டிருக்கின்றன. வடக்கே எட்டாம் கல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குகிறது. நடுவில் ஏழு மட்டும் ஒன்பது வருடமாகச் சொன்ன பேச்சு கேட்கிறது. ஸ்கேல் வைத்து இழுத்த கோடு. அந்த இடத்தில் அடியில் பாறை இருக்க வேண்டும் என்று நானே ஒரு காரணம் கட்டி, பொறியாளருக்கும் சொல்லி வைத்திருக்கிறேன்.

ஏழாம் கல்லுக்கு நேர் பின்னால் அண்ணன் வீடு. எட்டு வருடத்துக்கு முன் அந்தக் கோட்டைக் காட்டித்தான் வாங்க வைத்தேன். டிப்போவில் முப்பது வருடம் பஸ்ஸுக்கு அடியில் மல்லாந்து படுத்து அவன் சேர்த்ததெல்லாம் அந்த வீடுதான்.

துறைமுகச் சுவரை இன்னும் நானூறு மீட்டர் கடலுக்குள் நீட்டப் போகிறார்கள். அதற்கான அறிக்கையில் என் பங்கு ஒரே வரி. "சுவருக்கு வடக்கே கரையில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை." மே மாதத்துக்குள் கையெழுத்துப் போட வேண்டும்.

மார்ச் 9

ஞாயிறு. அண்ணன் வீட்டில் சாப்பாடு. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அண்ணி, உப்பு இருக்கிறதா என்று கேட்கிற குரலில், "உங்க ஆபீஸ் கல்லு வீட்டைப் பார்த்து வந்துக்கிட்டு இருக்கு" என்றாள்.

"கல்லு எங்க அண்ணி வரும்?"

"அதைத்தான் நானும் கேக்கறேன். ஜனவரியில பின்கதவுலேர்ந்து இருபத்திரண்டு எட்டு வச்சா கல்லு. நேத்து வச்சேன், பதினஞ்சு."

அண்ணன் சிரித்தான். "உங்க அண்ணிக்குக் கால் நீண்டுடுச்சு." அவள் சிரிக்கவில்லை. "ஏழுன்னு எழுதின பக்கம் வீட்டையே பார்த்துக்கிட்டு நிக்குது. துணி காயப் போட்டா பாக்குது" என்றாள்.

பின்கட்டுக்குப் போய் நானும் நடந்து பார்த்தேன். பதினைந்து. ஆனால் அங்கே நின்று பார்த்தால் கடலும் கல்லும் எப்போதும் இருக்கிற இடைவெளியில்தான் இருக்கின்றன. அப்படியென்றால் என்ன அர்த்தம்? கல்லும் வரவில்லை, அண்ணி ஜனவரியில் தப்பாக எண்ணியிருக்கிறாள் என்று அர்த்தம்.

திரும்பி வரும்போது பின் அறையின் தரை காலுக்கடியில் டொக்கென்றது. வேறு இடத்தில் மிதித்தேன், அங்கே சத்தமில்லை. மறுபடியும் அதே இடம். டொக்.

மார்ச் 10

கல் நடக்காது. எழுதி வைக்கிறேன்.

மார்ச் 23

இன்று அண்ணனே கூப்பிட்டான். "ஒண்ணு காட்டணும், வா."

கல்லைத் தாண்டிக் கடல் பக்கமாக மணல் இறங்கி ஒரு தரை வெளியே தெரிகிறது. சிவப்புச் சிமெண்டு பூசிய தரை. ஒரு வாசற்படி, கதவு நின்ற இடத்தில் இரண்டு குழி, தண்ணீர் போக ஒரு மூலையில் ஓட்டை. ஒரு பொட்டு மணல் இல்லை அதன்மேல். யாரோ இப்போதுதான் பெருக்கித் துடைத்துவிட்டு உள்ளே போயிருக்கிறார்கள் என்று தோன்றியது. உள்ளே என்று ஒன்று இல்லை.

"இங்க வீடு இருந்துச்சா?" என்றேன்.

"யாருக்குத் தெரியும்? எனக்கு வித்தவன் சொல்லல" என்றான் அண்ணன். செருப்பைக் கழற்றிவிட்டு அந்தத் தரைமேல் ஏறி நின்றான். ஏன் செருப்பைக் கழற்றினான் என்று அவனுக்கும் தெரிந்திருக்காது. நான் ஏறவில்லை.

என்றோ ஒரு காலத்தில் கடல் இங்கிருந்தும் தள்ளியே இருந்திருக்கிறது. யாரோ நம்பிக் குடியிருந்திருக்கிறார்கள். பிறகு கடல் வந்து, பிறகு மணல் வந்து மூடி, இப்போது மணல் போகிறது. மணல் போகிறது என்றால் என் கோடு ஏன் இறங்கவில்லை?

அண்ணன் வீடு வாங்கியபோது பின்னால் ஒரு திடலும் மரங்களும் இருந்தன. மரங்கள் புயலில் போயின என்றோம். திடல் எங்கே போனது என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. தினம் பார்க்கிறவர்களுக்குப் பிள்ளை வளர்வது தெரியாது என்பார்கள். நான் மாதத்துக்கு ஒரு ஞாயிறு போய், முன்வாசல் வழியாக நுழைந்து, சாப்பிட்டுவிட்டு, முன்வாசல் வழியாக வந்துவிடுகிறவள்.

மார்ச் 26

அண்ணி போன் செய்தாள். அந்தச் சிவப்புத் தரையைக் காணோமாம். மணல் மூடவில்லை. அந்த இடத்தில் தண்ணீர் நிற்கிறதாம்.

ஏப்ரல் 1

மதிய இடைவேளையில் தெற்குப் பக்கம் போனேன். பழைய படகுத் துறையின் படிகள் அப்படியே இருக்கின்றன. கீழே இறங்கினால் மணல். கடைசிப் படியிலிருந்து தண்ணீர் இருநூறு மீட்டருக்கு அப்பால். படகு கட்டுகிற இரும்பு வளையத்தில் யாரோ சைக்கிளைக் கட்டியிருந்தார்கள்.

பள்ளிக்கூடத்துப் பாடம்தான் இது. இந்தக் கரையில் மணல் தெற்கிலிருந்து வடக்கே ஊர்ந்துகொண்டே இருக்கும். வழியில் சுவர் கட்டினால் தெற்கே தேங்கும், வடக்கே வராது. வராவிட்டால் கடல் இருக்கிற மணலைத் தின்னும். இது எனக்குத் தெரியாதா? தெரியும். ஏழாம் கல்லின் கோடு நேராக இருந்ததால், தெரிந்ததை நம்பாமல் இருந்தேன்.

அங்கே ஆள் அரவமே இல்லை. அவ்வளவு மணலும் சும்மா கிடக்கிறது.

நாளை மறுநாள் அளவு நாள். டேப்புக்காரரோடு நானும் போகிறேன்.

ஏப்ரல் 3

போனேன்.

டேப்புக்காரர் அடுத்த வருடம் ஓய்வு பெறப் போகிறவர். ஒரு தள்ளுவண்டி, கடப்பாரை, மண்வெட்டி, டேப்பு. கடப்பாரை எதற்கென்று கேட்கத் தோன்றவில்லை எனக்கு. ஏழாம் கல்லுக்கு வந்தோம். டேப்பின் கொக்கியைக் கல்லில் மாட்டிவிட்டுத் தண்ணீருக்கு நடந்தார். "பத்தொம்பது" என்று கத்தினார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஒருவழியாக ஏழு பொய் சொல்வதை நிறுத்தியது என்று நினைத்தேன். அப்புறம் அவர் திரும்பி வந்தார். டேப்பைச் சுருட்டி வைத்தார். கடப்பாரையை எடுத்தார். கல்லைச் சுற்றி மணலை வெட்டி, அசைத்து அசைத்துப் பிடுங்கி, மார்போடு அணைத்துத் தூக்கி வண்டியில் வைத்து, அண்ணன் வீட்டைப் பார்த்துத் தள்ளிக்கொண்டு போய், குழி தோண்டி நட்டார். ஏழு வீட்டைப் பார்க்கிற மாதிரி. மறுபடியும் கொக்கி, மறுபடியும் நடை. "இருபத்திநாலு" என்றார். எழுதிக்கொண்டார்.

"என்ன பண்றீங்க நீங்க?"

"வழக்கமா பண்றதுதான் மேடம். இருபதுக்குக் கீழ வந்தா கல்லைப் பின்னாடி நடணும். பழைய உத்தரவு. இல்லேன்னா கல்லையே கடல் கொண்டுபோயிடும், அப்புறம் எங்கேருந்து அளக்கறது?"

"எவ்வளவு நகர்த்தினீங்கன்னு எழுத வேண்டாமா?"

அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். கோபமெல்லாம் இல்லை. "எழுதிக்கிட்டுதான் இருந்தேன். குறிப்புன்னு ஒரு பத்தி இருந்துச்சே, அதுல. நீங்கதான் எடுத்துட்டீங்க."

அதே நாள், வீட்டில்

ஆமாம், நான்தான் எடுத்தேன்.

ஒன்பது வருடத்துக்கு முன் தாளிலிருந்து கணினிக்கு மாற்றியபோது படிவத்தை நான்தான் வடிவமைத்தேன். குறிப்புப் பத்தியில் என்னென்னவோ எழுதுவார் மனிதர். "காலையில் தூறல்." "நாய் துரத்தியது, அளவு தாமதம்." "கூட்டமாக மீன் துள்ளல், பார்க்க நன்றாக இருந்தது." படித்துவிட்டு அலுவலகமே சிரிக்கும். நான் சிரித்துவிட்டு அந்தப் பத்தியைத் தூக்கினேன். எண் மட்டும் போதும், கதை வேண்டாம் என்றேன். எல்லோரும் பாராட்டினார்கள். அந்த வருடம் அதற்குச் சான்றிதழ் கூடக் கொடுத்தார்கள்.

"எத்தனை தடவை நட்டீங்க?" என்று கேட்டேன் அவரிடம். பதினோரு தடவை, ஒவ்வொரு தடவையும் ஐந்தோ ஆறோ ஏழோ என்றார். அந்தக் கணக்கு போதவில்லை எனக்கு. அண்ணன் வீடு வாங்கினபோது நான் கையால் போட்டுக் கொடுத்த வரைபடத்தைத் தேடி எடுத்தேன். பின்சுவரிலிருந்து தண்ணீர் வரை தொண்ணூற்றாறு மீட்டர். இன்று நானே டேப்பைப் பிடித்து அளந்தது இருபத்தொன்பது.

ஐயோ. என்ன பண்ணித் தொலைச்சிருக்கேன் நான். அண்ணி எண்ணினது சரி. எட்டு வச்சு எட்டு வச்சு எண்ணின அவ கணக்கு சரி, நான் போட்ட கோடு தப்பு.

ஏப்ரல் 4

அறுபத்தேழு மீட்டர்.

ஏப்ரல் 6

சொல்லிவிட்டேன்.

அண்ணன் சமையலறைக் குழாய்க்கு வாஷர் மாற்றிக்கொண்டிருந்தான். வேலையை நிறுத்தாமல் கேட்டான். "எவ்வளவு போயிருக்கு?" சொன்னேன். "மிச்சம்?" சொன்னேன். ஸ்பேனரால் இன்னொரு சுற்று இறுக்கினான்.

"அப்ப நாலு வருஷம் தாங்கும்."

"இப்ப வேகமா போகுதுண்ணா. ஒரு புயல் அடிச்சா அதோட சரி. என் வீட்டுக்கு வந்துடுங்க ரெண்டு பேரும்."

"வாங்கும்போது பத்துப் பேர்கிட்ட விசாரிச்சேன்" என்றான். "பத்துப் பேரும் வேண்டாம்னாங்க. என் தங்கச்சி அளந்து வச்சிருக்கான்னு சொல்லி அத்தனை பேர் வாயையும் அடைச்சேன்."

திட்டியிருக்கலாம். கையில் இருந்ததை விட்டெறிந்திருக்கலாம். அண்ணி சுவரோரம் நின்று, "நான் சொன்னேன்ல" என்று கூடச் சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை எனக்கு. அங்கேயே உட்கார்ந்து அழுதேன், நாற்பத்தாறு வயதில், சாக்கடைக் குழாய்க்குப் பக்கத்தில்.

கிளம்பும்போது அண்ணன் வாசல் வரை வந்தான். "நான் எங்கயும் வரமாட்டேன். இத்தனை வருஷத்துல உங்கிட்ட ஒண்ணும் கேட்டதில்ல. இப்ப கேக்கறேன். கடலோரம் பாறாங்கல்லு போட வை."

ஏப்ரல் 12

பின் அறையில் நாள் முழுவதும் டொக், டொக் என்று கேட்கிறதாம். யாரும் மிதிக்காமலே. அண்ணி பின் அறையைப் பூட்டிவிட்டாள். "கீழேருந்து தட்டற மாதிரி இருக்கு" என்கிறாள். மணல் இறங்கி, அலை தரைக்கடி வரை வருகிறது என்று விளக்கினேன். "சரி, அதுதான் தட்டுது" என்றாள்.

ஏப்ரல் 21

தலைமைப் பொறியாளருக்கு அலுவலகத்தில் 'பார்க்கலாம்' என்று பெயர். எதைக் கேட்டாலும் அதுதான் பதில். இன்று ஒன்பது வருடத் தவற்றை முழுதாகச் சொல்லி, திருத்திய கோட்டை மேசைமேல் வைத்தேன். அதைப் பார்த்தவர் பார்க்கலாம் என்று சொல்லவில்லை.

தாளைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, "சுவரை நீட்டற வேலை இப்போதைக்கு நிக்கும்" என்றார். "வடக்குப் பக்கத்துக்கு ஏதாவது செஞ்சாகணும். ரெண்டு வழி. தெற்குல தேங்கின மணலை அள்ளி வருஷா வருஷம் வடக்க கொட்டினா எல்லா தெருவும் பிழைக்கும். அனுமதி கிடைச்சு மெஷின் வர ரெண்டு வருஷம் ஆகும். பாறாங்கல்லுன்னா அடுத்த மாசமே கொட்டலாம். ஆனா முந்நூறு மீட்டருக்குத்தான் கல்லு இருக்கு. ரெண்டையும் கேட்டா ரெண்டும் வராது. எதுன்னு நீங்களே எழுதிக் குடுங்க. எங்க ஆரம்பிக்கறது, எங்க முடிக்கறதுன்னு கோடும் போட்டுடுங்க."

"நானா சார்?"

"உங்களை விட அந்த இடம் யாருக்குத் தெரியும்?"

கேலியாகச் சொன்னாரா என்று இன்னும் தெரியவில்லை.

ஏப்ரல் 30

கோடு போட்டேன். பாறாங்கல். துறைமுகச் சுவரில் ஆரம்பித்து, அண்ணன் தெருவைத் தாண்டி, எட்டாம் கல்லுக்கு நூற்றைம்பது மீட்டர் முன்னால் முடிகிறது.

மே 2

டேப்புக்காரர் வரைபடத்தைப் பார்த்தார். கோடு முடிகிற இடத்தில் விரலை வைத்தார். "கல்லு முடியற எடத்துல என்ன ஆகும்னு தெரியும்ல மேடம்?"

"தெரியும்."

"ம்" என்றார். டேப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டார். தெரியாது என்று சொல்லியிருந்தால் உட்கார்ந்து விளக்கியிருப்பார்.

மே 19

லாரி லாரியாகக் கல் வந்து இறங்குகிறது. அண்ணன் லாரிக்காரர்களுக்கு டீ கொடுக்கிறான், எந்தக் கல்லை எங்கே வைக்க வேண்டுமென்று யோசனையும் கொடுக்கிறான். யாரும் கேட்கவில்லை, அவனும் விடவில்லை.

ஜூன் 1

வேலை முடிந்தது. பின் அறையைத் திறந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். தரையில் சத்தமில்லை. அலை கல்லில் அறைந்து நீர் சிதறுகிறது, அவ்வளவுதான். அண்ணி அந்த அறையில் பாய் போட்டு, பகலிலேயே, நிம்மதியாகத் தூங்கினாள்.

கரை என்று அங்கே இப்போது எதுவும் இல்லை. கல், உடனே தண்ணீர். ஏழாம் எண்ணை அகற்றிவிட்டோம். அளக்க ஒன்றும் இல்லை.

ஜூன் 4

படிவத்தில் குறிப்புப் பத்தியைத் திரும்பச் சேர்த்துவிட்டேன். எட்டாம் கல்: நாற்பத்தொன்று. குறிப்பில் டேப்புக்காரர் "ஒன்றுமில்லை" என்று எழுதியிருக்கிறார்.

ஜூலை 3

எட்டாம் கல்: முப்பத்திரண்டு. குறிப்பு: "கல் முடியும் இடத்தில் கடல் வளைந்து உள்ளே வருகிறது."

ஒரு மாதத்தில் ஒன்பது மீட்டர்.

ஜூலை 6

அண்ணன் வீட்டுக்குப் போகிற சாக்கில் கல் முடிகிற இடம் வரை நடந்தேன். அந்தக் கடைசிக் கல்லைச் சுற்றித் தண்ணீர் சத்தமில்லாமல் திரும்புகிறது. இந்தப் பக்கம் அறைந்து இரைகிற அதே கடல், அந்த முனை வந்ததும் வாயை மூடிக்கொள்கிறது. அப்படியே உள்ளே போகிறது, வழி தெரிந்த ஆள் மாதிரி. மணல் திட்டு திட்டாக, வெட்டி எடுத்த கேக்குத் துண்டு போலச் சரிந்து விழுகிறது. விழும்போதும் சத்தம் வரவில்லை.

எதிரே ஒரு சின்னத் தெரு. ஏழெட்டு வீடு. ஒரு ஜன்னலில் யாரோ நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கையசைத்தேன். அவர்களும் கையசைத்தார்கள்.

ஜூலை 20

அண்ணன் பின்வாசலுக்குப் புதுப் பெயின்ட் அடிக்கிறான். "உன்னாலதான்" என்று நாலு பேர் முன்னால் சொன்னான். வாங்கிக்கொண்டேன். வேறு என்ன செய்ய?

ஆகஸ்ட் 1

எட்டாம் கல்: பத்தொன்பது.

டேப்புக்காரர் கடப்பாரையை வண்டியிலேயே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நகர்த்த வேண்டாம், அப்படியே எழுதுங்கள் என்றேன். எழுதினார்.

தெற்கு மணலை அள்ளி இந்தப் பக்கம் கொட்டச் சொல்லி இன்று எழுதிக் கொடுத்தேன். 'பார்க்கலாம்' வாங்கிப் படித்துவிட்டு, பார்க்கலாம் என்றார்.

ஆகஸ்ட் 17

அந்தத் தெருவுக்குப் போனேன். ஜூலையில் ஜன்னலில் நின்றது ஒரு தையற்காரம்மா. முன் அறையில் மெஷின், சுவரெல்லாம் தைத்து மாட்டிய சட்டைகள். அவரே கூப்பிட்டு ஸ்டூலைத் துணியால் துடைத்துப் போட்டார். "கடலை அளக்கற ஆபீஸ்தானே நீங்க? நான் பாத்திருக்கேன்."

ஆமாம் என்றேன்.

"எங்க பக்கம் எப்படிங்க இருக்கு?"

கரை உள்ளே வந்துகொண்டிருக்கிறது, வேகமாக வருகிறது என்றேன். ஒரு வார்த்தையையும் மழுப்பவில்லை. அவர் மெஷினை மிதித்துக்கொண்டே கேட்டார். காலர் ஒன்று முடிந்தது, நூலைப் பல்லால் கடித்தார்.

"அங்க கல்லு போட்டு நல்லா காப்பாத்திக் குடுத்திருக்காங்களே, வெள்ளைப் பெயின்ட் அடிச்ச வீடு. அது யாரு வீடுங்க?"

"எங்க அண்ணன் வீடு."

மெஷின் நின்றது. அவர் என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று உட்கார்ந்திருந்தேன். திட்டினால் நல்லது என்று உட்கார்ந்திருந்தேன்.

"அப்ப உங்களுக்குச் சரியா தெரியும்" என்றார். "பள்ளிக்கூட யூனிஃபார்ம் ஆர்டர் வந்திருக்கு. அக்டோபர்ல குடுக்கணும். எடுத்துக்கலாமா, வேண்டாமா?"

"வேண்டாம்" என்றேன்.